நரம்பு எங்கே பழுதாகிறது? பாடப்புத்தகப் படத்திலிருந்து வகுப்பறை வரை

பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலப் பாடம் முடியும்போது எல்லா மாணவர்களின் குறிப்பேட்டிலும் ஒரு நியூரான் படம் இருக்கும். சைட்டான், டென்ட்ரைட்டு, ஆக்ஸான், மயலின் உறை, ரேன்வீர் கணு எனப் பாகங்கள் குறிக்கப்பட்டிருக்கும். தேர்வுக்கு அது போதும். ஆனால், "இதுல எது கெட்டுப்போனா என்ன ஆகும்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால், அந்தப் படத்தில் விடை கிடையாது.

அந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகளாக ஒரு தனிப் பாடவேளையாகவே நடத்தி வருகிறேன். காரணங்கள் இரண்டு. முதலாவது, எந்தப் பாகம் கெட்டால் என்ன நேரும் என்று யோசிக்கும் மாணவருக்கு அந்தப் பாகத்தின் வேலை மறக்காது. இரண்டாவது, புற நரம்புகளையும் இயக்கு நியூரான்களையும் தாக்கும் நோய்கள் உள்ள குழந்தைகள் நம் வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியானாலும் மேல்நிலைப் பள்ளியானாலும், ஒரு குழந்தையின் கையெழுத்தையும் நடையையும் தினமும் பார்ப்பவர் ஆசிரியர்தான்.

ஒரு செல்லின் நீளம்

காலை அசைக்கும் ஓர் இயக்கு நியூரானை எடுத்துக்கொள்வோம். அதன் செல் உடலம் தண்டுவடத்தின் முன்பகுதியில் இருக்கிறது. வெறும் கண்ணால் பார்க்க முடியாத அளவு சிறியது. அதிலிருந்து புறப்படும் ஆக்ஸான் இடுப்பு, தொடை, முழங்கால் வழியாகப் பாதத்துத் தசைவரை செல்கிறது. வளர்ந்த மனிதரில் அது ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். அந்த 1 மீட்டருக்கும் தேவையான புரதங்களில் பெரும்பகுதி மேலே உள்ள செல் உடலத்தில்தான் தயாராகி, ஆக்ஸானுக்குள்ளேயே பயணம் செய்து கீழே வர வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவது போலத்தான். வாய்க்காலில் எங்கே சிக்கல் வந்தாலும் கடைமடை வயல்தான் முதலில் காயும். நீண்டகால நீரிழிவில் பாதங்களில் முதலில் மதமதப்பும் எரிச்சலும் தோன்றி, பிறகு மேலே ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் கிளம்புகின்றன. நரம்பு என்பது ஒற்றை இழை அன்று. ஆயிரக்கணக்கான ஆக்ஸான்கள் சேர்ந்த கயிறு. அதில் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் இயக்கு இழைகளும், தோலிலிருந்து செய்தி கொண்டுவரும் உணர்ச்சி இழைகளும் கலந்திருக்கும். இந்த ஒரு செய்தி போதும், பாதி நோய்களைப் பிரித்தறியலாம். கயிறே பழுதானால் பெரும்பாலும் அசைவும் உணர்வும் சேர்ந்து குறையும். தண்டுவடத்தில் உள்ள இயக்கு நியூரானின் செல் உடலம் மட்டும் அழிந்தால் அசைவு போகும். உணர்வு அப்படியே இருக்கும்.

வகுப்பில் ஒரு விளையாட்டு

இதை விளக்க எந்தக் கருவியும் தேவையில்லை. 20 மாணவர்களைக் கைகோத்து வரிசையாக நிற்கச் சொல்கிறேன். முதல் மாணவர் அடுத்தவரின் கையை அழுத்த வேண்டும். அழுத்தம் உணரப்பட்டவுடன் அவர் அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். கடைசி மாணவர்தான் தசை. அழுத்தம் வந்ததும் கையை உயர்த்துவார். எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருவர் கடிகாரத்தில் குறிக்கிறார்.

இரண்டாம் சுற்றில் நடுவில் உள்ள ஐந்து பேர் மட்டும் மனதுக்குள் மூன்று எண்ணிய பிறகே கடத்த வேண்டும். செய்தி போகிறது, ஆனால் தாமதமாக. இது மயலின் உறை சிதைந்த நரம்பு. மூன்றாம் சுற்றில் நடுவில் ஒருவரை விலக்கிவிடுகிறேன். செய்தி அங்கேயே நிற்கிறது. இது அறுந்த ஆக்ஸான். நான்காம் சுற்றில் முதல் மாணவரையே உட்கார வைக்கிறேன். வரிசை முழுதும் நலமாக நிற்கிறது, ஆனால் கட்டளை பிறக்கவே இல்லை. இது செல் உடலத்தின் அழிவு. உண்மையில் செல் உடலம் இறந்தால் அதன் ஆக்ஸானும் சிதைந்துவிடும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பேசவும் இதுவே சமயம். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தவளையின் நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்தார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர். மனிதரில் தடித்த மயலின் உறை கொண்ட இழைகள் இதைவிட வேகமானவை. உறையே இல்லாத மெல்லிய வலி இழைகளில் நொடிக்கு 1 மீட்டர் அளவுதான். வாசற்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிகிறது. அந்த ஆழமான வலி ஒரு கணம் கழித்தே வந்து சேர்கிறது. மாணவர்கள் உடனே தலையாட்டுவார்கள்.

செல் உடலம் அழிந்தால்

இளம்பிள்ளை வாத வைரஸ் தண்டுவடத்தின் முன்பகுதியில் உள்ள இயக்கு நியூரான்களைத் தேடிச் சென்று அழிக்கிறது. தொற்று ஏற்படும் சுமார் 200 பேரில் ஒருவருக்கே நிரந்தர வாதம் வருகிறது. அந்த ஒருவரின் கால் சூம்பிவிடும். ஆனால் அதே காலில் எறும்பு கடித்தால் நன்றாகத் தெரியும். உணர்ச்சி நியூரானின் செல் உடலம் தண்டுவடத்துக்கு வெளியே தனி முடிச்சில் இருப்பதும், வைரஸ் அதைத் தொடாததுமே காரணம். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் வாதம் வந்த கடைசி நேர்வு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

தண்டுவடத் தசைநலிவு நோய் பிறவியிலேயே வருவது. 5-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன் வேலை செய்யாததால் இயக்கு நியூரான்கள் படிப்படியாக அழிகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள ஜீன் வந்தால் மட்டுமே நோய் தோன்றும். பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் ஒடுங்கு பண்பு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. பெற்றோர் இருவரும் ஜீனைச் சுமப்பவர்கள் எனில், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள நம் ஊர்களில் இந்த வாய்ப்பைப் பற்றி மாணவர்களிடம் பேசுவது அவசியம். யாரையும் குற்றம் சொல்லும் தொனி இல்லாமல் பேச வேண்டும். 2016-க்குப் பிறகு இந்நோய்க்கு மருந்துகள் வந்துள்ளன. விலைதான் பெரும் தடை. இந்தக் குழந்தைகளின் அறிவாற்றலை நோய் தொடுவதில்லை என்பது ஆசிரியர்களாகிய நாம் மனதில் கொள்ள வேண்டியது.

வளர்ந்தவர்களுக்கு வரும் இயக்கு நியூரான் நோயில் மூளையிலிருந்து இறங்கும் மேல் நியூரான்களும், தண்டுவடத்திலிருந்து கிளம்பும் கீழ் நியூரான்களும் சேர்ந்து அழிகின்றன. பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்தார். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல், 21 வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. பெரும்பாலானோர் சில ஆண்டுகளே வாழும் இந்நோயோடு அவர் 2018 வரை, 76 வயது வரை, வாழ்ந்து ஆய்வு செய்தார்.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டுவது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை நம் பாடத்தில் உள்ள அனிச்சை வில்லில் இருக்கிறது. கீழ் நியூரானோ புற நரம்போ பழுதானால் வில் அறுந்துபோகிறது, கால் துள்ளாது. மேல் நியூரான் பழுதானால் மூளையின் கட்டுப்பாடு விலகி, கால் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளும். ஒரு தட்டில் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது.

உறை சிதைந்தால்

1916-இல், முதல் உலகப்போரின்போது, கீலான், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் திடீரெனக் கால் தளர்ந்த இரு படைவீரர்களைப் பற்றி எழுதினார்கள். முதல் இருவரின் பெயரால் கீலான்-பாரே நோய் என்று அது அழைக்கப்படுகிறது. நம் நாளிதழ்களில் 'ஜி.பி.எஸ்.' 2025 தொடக்கத்தில் புனேயில் ஒரே நேரத்தில் பலருக்கு வந்தபோது இந்தப் பெயர் எல்லார் காதிலும் விழுந்தது. பொதுவாக ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே இது வரும்.

வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து ஓரிரு வாரங்களில் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு மண்டலம், அடையாளம் தடுமாறி, நம் நரம்பின் மயலின் உறையையே தாக்குகிறது. முதலில் பாதங்களில் மதமதப்பு, பிறகு கால் தளர்ச்சி, பிறகு கை எனப் பலவீனம் கீழிருந்து மேலே ஏறுகிறது. மூச்சுத் தசைகளை எட்டினால் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். ஆகவே இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் மீண்டுவிடுகிறார்கள். ஸ்வான் செல்கள் உறையை மறுபடி சுற்றிவிடும். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. குணமாகித் திரும்பும் மாணவருக்கு அருகில் உட்கார யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆக்ஸானே அறுந்துபோனால் நிலைமை வேறு. கண்ணாடி கிழித்தோ எலும்பு முறிந்தோ நரம்பு வெட்டுப்பட்டால், மருத்துவர் தைத்துவிட்ட பிறகு அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் வளரும். முழங்கையில் வெட்டுப்பட்ட நரம்பு விரல் நுனிவரை வர 30 சென்டிமீட்டர் எனில், 300 நாள்கள். மாணவர்களை இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். விபத்தில் அடிபட்ட தோழன் மூன்று மாதம் கழித்தும் ஏன் எழுதத் தடுமாறுகிறான் என்பது அவர்களுக்கே புரியும்.

வலி இல்லாத கை

முழங்கையின் உட்பக்கத்தில் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை கரண்ட் அடித்தது போல இருக்கும். அங்கே எலும்புக்கும் தோலுக்கும் இடையில் ஒரு நரம்பு பாதுகாப்பின்றி ஓடுகிறது. தோலுக்கு அருகில் இருப்பதால் அது உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. தொழுநோய்க் கிருமிக்கு வேண்டியது அதுதான். 1873-இல் நார்வேயின் ஹான்சன் கண்டறிந்த அந்தப் பாக்டீரியா, குளிர்ச்சியான இடங்களில் உள்ள நரம்புகளின் ஸ்வான் செல்களுக்குள் குடியேறுகிறது. முழங்கை நரம்பு கெட்டால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கிக்கொள்ளும். முழங்காலுக்குப் பக்கவாட்டில் ஓடும் நரம்பு கெட்டால் பாதம் தொங்கும். முக நரம்பு கெட்டால் கண் இமை மூடாது.

இந்த நோயைப் பற்றிய உலகத்தின் புரிதலை மாற்றியதில் நம் மாநிலத்துக்குப் பங்கு உண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயால் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அதுவரை மருத்துவர்களில் பலரும் நம்பினார்கள். அவர் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கவனித்தார். சூடான பாத்திரத்தைத் தொட்டும், கருவியை அழுத்திப் பிடித்தும், புண்பட்ட காலால் நடந்தும் அவர்கள் காயப்படுவதைக் கண்டார். இரவில் எலி கடிப்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. சதையை அழிப்பது நோய் அன்று. வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் வரும் காயம் என்று அவர் நிறுவினார். மடங்கிய விரல்களை நிமிர்த்த, நரம்பு கெடாத வேறொரு தசையின் தசைநாணை எடுத்து விரல்களோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சையை வளர்த்தெடுத்தார். வேலூருக்கு அருகில் கரிகிரியில் உள்ள மருத்துவமனையில் அந்தப் பணி தொடர்ந்தது.

'வலி எதற்காக?' என்ற கேள்வியை எட்டாம் வகுப்பிலேயே கேட்கலாம். வலியில்லாமல் இருந்தால் நல்லதுதானே என்பார்கள். பிறகு இந்த வேலூர்க் கதையைச் சொல்லுங்கள்.

ஒரு மாணவி

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில், சத்துணவு வரிசையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் முன்கையில் சூடான சாம்பார் சிந்தியது. பக்கத்தில் நின்றவள்தான் கத்தினாள். இவள் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினாள். அந்த இடத்தில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு மாலையில் அவள் அம்மாவை வரச்சொன்னேன்.

"தேமல்தானே டீச்சர், கீழாநெல்லி அரைச்சுப் போட்டுட்டு இருக்கேன்" என்றார். சூடு தெரியவில்லை என்பதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "பெரியவளுக்கு இப்பத்தான் சம்பந்தம் பேசி இருக்கோம். வெளியில தெரிஞ்சா எல்லாம் போச்சு டீச்சர்."

"வெளியில தெரிய வேண்டாம்மா. நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் கூட வர்றேன்" என்றேன்.

தொழுநோயின் தொடக்கநிலை என்று மருத்துவர் உறுதி செய்தார். ஆறு மாதம் மாத்திரை, முழுவதும் இலவசம். சுகாதாரப் பணியாளர் வீட்டில் இருந்தவர்களைப் பரிசோதிக்கப் போனபோது தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு பெற்றோர் பள்ளிக்கு வந்து, அந்தப் பெண்ணைத் தனியே உட்கார வைக்கச் சொன்னார். தலைமையாசிரியர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "மருந்து சாப்பிட ஆரம்பிச்சவங்ககிட்ட இருந்து பரவாதுங்க. அவ எங்க உட்கார்ந்திருந்தாளோ அங்கயேதான் உட்காருவா" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்தாள். ஆறு மாதம் முடிந்தது. கையின் வலு சிறிதும் குறையவில்லை. அக்காவின் திருமணமும் நடந்தது.

இரண்டு ஆண்டுகள் தாமதமாகியிருந்தால் அதே கிருமியை அதே மாத்திரை கொன்றிருக்கும். ஆனால் இறந்த நரம்பு திரும்பியிருக்காது. நரம்பு நோய்களில் நாள் கடத்துவதற்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்.

நாம் கவனிக்க வேண்டியவை

நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. மாற்றத்தைக் கண்டறிவது நம் வேலை. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் குறிப்பு இது:

1. 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரெனக் கையோ காலோ தளர்ந்தால் அன்றே மருத்துவமனை. போலியோ ஒழிந்த பிறகும் இத்தகைய ஒவ்வொரு நேர்வும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கப்பட்டு, 14 நாள்களுக்குள் இரண்டு மல மாதிரிகள் பரிசோதிக்கப்படுகின்றன.

2. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோன பின் படியேற முடியவில்லை, தரையிலிருந்து எழ முடியவில்லை என்றால் 'அசதி' என்று விட்டுவிடக் கூடாது. மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் 108-ஐ அழைக்க வேண்டும்.

3. உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல். வலியில்லாத தீக்காயம் அல்லது புண். எல்லாத் தேமலும் தொழுநோய் அன்று. உணர்ச்சி இருக்கிறதா என்பதே கேள்வி.

4. கையெழுத்து சில மாதங்களில் மோசமாவது, பென்சில் நழுவுவது, பொத்தான் போட முடியாமை, விரல் மடங்கி நிற்பது.

5. அடிக்கடி தடுக்கி விழுவது, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுபோவது, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைப்பது.

நான்காவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் 'சோம்பேறி', 'கவனமில்லாதவன்' என்ற பட்டத்தில் முடிந்துவிடுகின்றன. குறிப்பேட்டின் ஜூன் மாதப் பக்கத்தையும் அக்டோபர் மாதப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அக்கறையின்மை என்றால் நாளுக்கு நாள் மாறும். நரம்போ தசையோ காரணம் என்றால் சரிவு ஒரே திசையில் இருக்கும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தக் குறிப்பேட்டையே காட்டலாம்.

நம்மையும் சேர்த்துக்கொள்வோம். நாற்பதைக் கடந்த, நீரிழிவு உள்ள ஆசிரியர்கள் இரவில் ஒருமுறை பாதத்தின் அடிப்பகுதியைப் பார்த்துவிட்டுப் படுப்பது நல்லது. செருப்பில் இருந்த ஆணி குத்தியது தெரியாமல் பள்ளி முடியும்வரை நடந்தவர்கள் நம்மிலும் உண்டு.

வகுப்பில் இடம்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. இயக்கக் குறைபாடு, நாள்பட்ட நரம்பு நோய்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். நரம்பு நோயுள்ள மாணவருக்குச் சான்றிதழ் இருந்தால், பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்டுப் பெற முடியும். விண்ணப்பம் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது நினைவுக்கு வரக் கூடாது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசிவிட வேண்டும். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு இல்லம் சார்ந்த கல்வி உண்டு.

பணம் செலவாகாத ஏற்பாடுகளும் உள்ளன. மாடியில் இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றலாம். பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கலாம். ஐந்து மதிப்பெண் விடையை வாய்மொழியாகக் கேட்கலாம். கழிவறைக்குப் போக இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னதாக அனுப்பலாம். தண்டுவடத் தசைநலிவு உள்ள குழந்தையை "முயற்சி பண்ணு, முடியும்" என்று ஓடச் சொல்வது ஊக்கமாகாது. அவர் வகுப்பின் கணக்குப் போட்டியில் பங்கேற்கட்டும், விளையாட்டு வேளையில் மதிப்பெண் குறிக்கட்டும். நோயின் பெயரை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பதைக் குழந்தையும் பெற்றோரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜனவரி 30 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். அந்த வாரத்தின் ஓர் அறிவியல் பாடவேளையை இந்தக் கைகோத்த விளையாட்டுக்கும், வேலூர்க் கதைக்கும், 300 நாள் கணக்குக்கும் ஒதுக்கிப் பாருங்கள். எந்தப் பாகம் கெட்டால் என்ன ஆகும் என்று மாணவர்கள் தாமே சொல்லத் தொடங்குவார்கள். வீட்டில் பாட்டியின் பாதத்தில் இருக்கும் புண்ணைப் பற்றியோ, தம்பியின் முதுகில் இருக்கும் தேமலைப் பற்றியோ ஒரு மாணவர் மறுநாள் வந்து கேட்கக்கூடும். அவருக்குச் சொல்ல, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருங்கள்.